டவர் இல்லாத இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: சிக்னல் வரைபடச் செயலி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

ஓராண்டுக்கு மேலாக உங்கள் செயலிகளில் மூன்றை மாற்றி மாற்றிப் போனில் வைத்திருக்கிறேன். போகிற வழியெல்லாம் பின்னணியில் ஓடவிடுவேன். சில விநாடிக்கு ஒருமுறை இருக்கும் இடத்தையும் சிக்னல் அளவையும் குறித்துக்கொண்டு, இரவில் வைஃபை கிடைத்ததும் உங்கள் சர்வருக்கு அனுப்பிவிடும். மறுநாள் திறந்தால் நான் போன பாதை பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக வரைபடத்தில் விழுந்திருக்கும். ஒரு காசு வாங்காமல் இந்த வேலையைச் செய்ய லட்சக்கணக்கானோர் முன்வருகிறார்கள் என்றால் அந்த வண்ணக்கோட்டுக்கு ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. நானும் அதில் விழுந்தவன்தான். ஆகவே இது வெளியில் நின்று கல்லெறியும் கடிதமில்லை.

நான் தினமும் பேருந்தில் போகும் சாலை ஓரிடத்தில் குன்றை வெட்டிய பாதையாகப் போகிறது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். பேருந்து அதைக் கடக்க மூன்றரை நிமிடம் ஆகும். அந்த மூன்றரை நிமிடமும் யாருடைய போனும் வேலை செய்யாது. பேசிக்கொண்டிருப்பவர்கள் வெட்டுப்பாதை நெருங்கும்போதே "கட் ஆயிடும், அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். உங்கள் வரைபடத்தில் மட்டும் அந்த இடம் மஞ்சளாக ஆரம்பித்துப் பச்சையாக முடிகிறது.

முதலில் என் போனில்தான் கோளாறு என்று நினைத்தேன். வேறொரு போனில் நிறுவிப் பார்த்தேன், அதே மஞ்சள், அதே பச்சை. பிறகு பதிவுக் கோப்பை ஏற்றுமதி செய்து, வரி வரியாகப் பார்த்தேன். ஐந்து விநாடிக்கு ஒரு வரி. சிக்னல் வலிமையை டிபிஎம் என்ற அலகில் எழுதியிருக்கும், பூஜ்யத்துக்குக் கீழே போகப் போகச் சிக்னல் பலவீனம். வெட்டுக்குள் நுழையும்போது −104, அடுத்து −109, அடுத்து −112. அதற்குப் பிறகு −112, −112, −112 என்று ஒன்பது வரிகள், ஓர் எண்கூட அசையவில்லை. ஓடுகிற பேருந்தில் சிக்னல் இப்படி ஒரே எண்ணில் நிற்கவே நிற்காது. 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 17 சென்டிமீட்டர். பாறையிலும் வண்டியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் போவதால், கையை ஒரு சாண் நகர்த்தினாலே அளவு பத்து, இருபது டெசிபெல் ஏறி இறங்கக்கூடும். ஒன்பது வரி ஒரே எண் என்றால் அங்கே அளவீடு நடக்கவே இல்லை என்று அர்த்தம். கடைசியாகக் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு போன் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த ஒன்பது வரிக்குப் பிறகு கோப்பில் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் குதிக்கிறது. இடையில் வரியே கிடையாது. அடுத்த வரி வெட்டுக்கு வெளியே, −88.

என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆண்ட்ராய்ட் 10 வந்த பிறகு, அதற்கென எழுதிய செயலி சுற்றியுள்ள டவர்களின் பட்டியலைச் சாதாரணமாகக் கேட்டால் போன் புதிதாக அளந்து தராது, கைவசமுள்ள பழைய பட்டியலைத் தரும். புதிய அளவீடு வேண்டுமென்று தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வோர் அளவீட்டோடும் அது எடுக்கப்பட்ட நேரமும் சேர்ந்தே வருகிறது. அந்த நேரத்தைப் பார்த்திருந்தால் ஒன்பது வரியும் பழைய சோறு என்று தெரிந்திருக்கும். அதன்பின் பட்டியல் காலியாக வந்திருக்கும். காலியாக வந்தால் எழுத ஒன்றுமில்லை என்று உங்கள் நிரல் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். நிரல் எழுதுபவருக்கு அது ஒரே ஒரு நிபந்தனை வரி. எனக்கு அது என் சாலையிலிருந்து காணாமல் போன இரண்டு நிமிடம்.

அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சிக்னல் இல்லை என்பதும் ஓர் அளவீடு. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். என் ஊகம் இது. போன் மூலம் டவரையும் வைஃபையையும் பதிவு செய்யும் வழக்கம் வேறொரு தேவைக்காகப் பிறந்தது. விகிள் என்ற தளம் 2001லிருந்து வைஃபை வலைகளைத் திரட்டுகிறது. டவர்களின் இடங்களைத் திரட்டும் ஓபன்செல்ஐடி 2008ல் தொடங்கியது. மொசில்லாவின் இருப்பிடச் சேவை 2013ல் வந்து 2024ல் மூடப்பட்டது. இவை பெரும்பாலும் கேட்ட கேள்வி, இந்த டவரின் குரல் எங்கெல்லாம் கேட்கிறது என்பது. ஜிபிஎஸ் இல்லாமலே போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்க அது போதும். எதுவுமே கேட்காத இடத்தால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை, எனவே காலி வரியை வீசிவிட்டார்கள், சரிதான். அந்த வீட்டுப் பழக்கத்தோடு நீங்கள் சிக்னல் வரைபடம் போட உட்கார்ந்துவிட்டீர்கள். உங்களுடைய கேள்வியோ வேறு. எங்கே கேட்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளத்தானே ஒருவர் உங்கள் வரைபடத்தைத் திறக்கிறார்?

காலி வரியிலும் பல வகை உண்டு, அதையும் பிரித்து எழுத வேண்டும். பயனர் விமானப் பயன்முறையில் போட்டிருக்கலாம். டவர் கிடைக்காத இடத்தில் போன் தேடித் தேடியே சார்ஜைத் தீர்த்துவிடும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் அந்தத் தேடலையே அணைத்து வைக்கிறார்கள். அதைச் சிக்னல் இல்லை என்று எழுதினால் பொய். சொந்த வலை கிடைக்காமல், அவசர அழைப்புக்கு மட்டும் வேறொரு நிறுவன டவரில் போன் ஒதுங்கியிருக்கலாம். அப்போது திரையில் அழகான அளவு தெரியும், ஆனால் அது அடுத்த வீட்டு விளக்கு. அதை என் நிறுவனக் கணக்கில் எழுதினால் அதுவும் பொய். இந்த நிலைகள் எல்லாவற்றையும் இயங்குதளம் தனித்தனிப் பெயரிட்டே சொல்கிறது. கேட்டு எழுதிக்கொள்வதுதான் பாக்கி.

இதையெல்லாம் நிரலில் திருத்திவிடலாம். நிரலால் திருத்த முடியாத ஒன்று உண்டு, எனக்கு இதைவிடப் பெரிய கவலை அதுதான். ஒரு நிறுவனத்துக்கு ஓரிடத்தில் சுத்தமாக டவர் இல்லையென்றால் அங்கே வாழ்பவர் அந்த சிம்மை வைத்திருப்பாரா? ஒரு மாதம் பார்ப்பார், பிறகு மாறிவிடுவார். அதோடு அந்த நிறுவனத்தைப் பற்றி அந்த இடத்திலிருந்து தகவல் அனுப்ப ஆளே இல்லாமல் போகிறது. எங்கே சேவை மோசமோ அங்கே சாட்சியும் இல்லை. மிஞ்சியிருக்கும் பதிவுகள் எல்லாம் சேவை நன்றாக இருந்ததால் அதே சிம்மில் தங்கிவிட்டவர்களுடையவை. எத்தனை கோடி அளவீடு என்று முகப்புப் பக்கத்தில் எண் போட்டாலும் இந்த ஓட்டை அடைபடாது. நல்லதே நடந்தவர்களிடம் மட்டும் போய் நலம் விசாரித்துவிட்டு வந்த மாதிரிதான்.

அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: அளக்கவில்லை என்று சொல்வது. இப்போது என்ன செய்கிறீர்கள்? அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து நடுவில் நிரப்பிவிடுகிறீர்கள். இல்லையென்றால் வெறுமையாக விடுகிறீர்கள், பார்ப்பவர் அதை டவர் இல்லை என்று படித்துக்கொள்கிறார். அளந்தோம், இருக்கிறது. அளந்தோம், இல்லை. அளக்கவே இல்லை. இந்த மூன்றுக்கும் மூன்று தோற்றம் வேண்டும். மூன்றாவதற்குச் சாம்பல் நிறக் கோடு கிழித்துக் காட்டினால்கூடப் போதும். வரைபடம் அழகு குறையும்தான். குறையட்டும்.

நிரப்புகிற வேலை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு என் வெட்டுப்பாதையே சாட்சி. அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்கும் ஹெச்3 முறையை உங்களில் பலர் பயன்படுத்துகிறீர்கள். அதில் 8ஆம் நிலைக் கட்டம் ஒன்று சராசரியாக முக்கால் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. என் வெட்டுப்பாதையில் பெரும்பகுதி ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் கட்டத்தின் இரண்டு ஓரத்திலும், பாறைக்கு வெளியே, சிக்னல் அருமையாக இருக்கிறது. நடுவில் வரிகளே இல்லை. சராசரி எடுத்தால் என்ன வரும்? பச்சைதான் வரும். கணக்கு சரி, விடை தப்பு. இரண்டு நிமிடக் காலி வரிகளையும் எண்ணியிருந்தால் அந்தக் கட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட பதிவுகள் "இல்லை" என்று வந்திருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பச்சை என்றால் என்ன? திரையிலுள்ள சிக்னல் கோடுகளை வைத்து நிறம் கொடுக்கிற செயலி ஒன்றும் என்னிடம் இருந்தது. எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்று உலகப் பொது விதி எதுவும் இல்லை, போன் செய்பவர்கள் அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். 2010 ஜூலையில் ஆப்பிள் நிறுவனமே, ஐபோனில் கோடு காட்டும் சூத்திரம் முற்றிலும் தவறாக இருந்தது, பல சமயம் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டியது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. கோடுகளை வைத்து வரைபடம் போடுவது ஆளுக்கொரு முழத்தால் துணி அளப்பது போல. டிபிஎம் எழுதுங்கள். (ஐபோனில் வெளிச் செயலிகளுக்கு இந்த எண்ணை ஆப்பிள் தருவதில்லை. அப்படியானால் உங்கள் சிக்னல் அளவு வரைபடம் ஆண்ட்ராய்ட் வைத்திருப்பவர்களின் வரைபடம். அதையும் மூலையில் ஒரு வரி எழுதிவிடலாமே.)

டிபிஎம் எழுதினாலும் போன் மாறினால் எண் மாறுகிறது. இரண்டு போனை ஒரே ஜன்னல் திட்டில், ஒரே நிறுவன சிம்மோடு, பத்து நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே டவரையே பிடித்திருந்தன, ஆனால் ஒன்று மற்றதைவிடத் தொடர்ந்து ஐந்தாறு டெசிபெல் குறைவாகவே காட்டியது. மூன்று டெசிபெல் குறைந்தால் சக்தி பாதி, பத்து குறைந்தால் பத்தில் ஒன்று. ஐந்தாறு என்பது அற்ப வித்தியாசம் இல்லை. அதே போனைச் சட்டைப் பையில் போட்டால் இன்னும் குறையும், உடம்பு தடுக்கும். உலோகப்பூச்சுக் கண்ணாடி போட்ட வண்டிக்குள் இன்னும் குறையும். போன் மாதிரியை நீங்கள் எப்படியும் பதிவு செய்கிறீர்கள், அதை வைத்துத் திருத்தம் செய்யவாவது முயலுங்கள். கையிலா, பையிலா, வண்டியிலா என்று பயனரிடம் ஒரு பொத்தானில் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறோம்.

அளவு சரியாக இருந்தும் பேச முடியாமல் போவது வேறு கதை. இதைப் பயனர்களிடம் யாரும் விளக்குவதில்லை. −100 டிபிஎம் என்பது ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய குரலைக்கூடப் போன் கேட்டுவிடுகிறது, காரணம் எதிர்ப்பக்கத்தில் டவர் 20, 40 வாட்டில் கத்துகிறது. பதிலுக்கு நம் 4ஜி போன் பொதுவாக அதிகபட்சம் 23 டிபிஎம், அதாவது 0.2 வாட்டில்தான் பேச முடியும். டவரில் காது கூர்மையான கருவி உண்டுதான். அப்படியும் எல்லை ஓரத்தில் அது சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது அதற்குக் கேட்காது. திரையில் இரண்டு கோடு நிற்கும், அழைப்பு போகாது. "சிக்னல் இருக்கு, ஆனா கால் போகல" என்று மக்கள் சொல்வதில் பெரும்பகுதி இதுவும், கூட்ட நெரிசலும், அக்கம்பக்கத்து டவர்களின் குறுக்கீடும்தான். டவரிலிருந்து போனுக்கு வந்து சேரும் சிக்னலின் வலிமையைக் குறிக்கும் ஆர்எஸ்ஆர்பி என்ற ஒற்றை எண் இதில் எதையும் சொல்லாது. எப்போதாவது ஒருமுறை, பயனரின் சம்மதத்தோடு, நூறு பைட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள். வேகச் சோதனை என்ற பெயரில் என் டேட்டாவை மளமளவென்று தின்ன வேண்டாம். போகிறதா, இல்லையா என்ற ஒரு விடை போதும்.

இதற்கெல்லாம் இவ்வளவு அலட்டல் தேவையா என்று உங்களில் யாராவது நினைக்கலாம். இந்த வரைபடங்களை வைத்துப் பணமும் டவரும் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் ஊரகப் பகுதிக்கு 4ஜி மானியம் கொடுக்க, நிறுவனங்கள் தந்த வரைபடங்களை அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி நம்பியது. சந்தேகம் கிளம்பியதும் அதன் ஊழியர்களே 12 மாநிலங்களில் ஏறத்தாழ 10,000 மைல் வண்டி ஓட்டி 24,649 சோதனைகள் செய்தார்கள். 2019 டிசம்பரில் அறிக்கை வந்தது. வரைபடம் உறுதி சொன்ன குறைந்தபட்ச வேகம் 62.3 சதவீதச் சோதனைகளில்தான் கிடைத்தது. அதாவது சேவை உண்டு என்று எழுதியாகிவிட்ட இடங்களில், அந்தக் காரணத்தாலேயே மானியத்துக்குத் தகுதி இழந்திருக்கக்கூடிய இடங்களில். வெர்மான்ட் மாநிலத்தில் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு காரில் ஆறு போனை ஓடவிட்டு மாநிலம் முழுக்கச் சுற்றி, வரைபடத்தை மறுத்திருந்தார்கள். அந்த ஆறு போனிலும் ஓடியது உங்களுடையதைப் போன்ற ஒரு ஆண்ட்ராய்ட் செயலிதான். பின்னர் வந்த புதிய தேசிய வரைபடத்தைப் பொதுமக்களே போனில் சோதித்து மறுக்கலாம் என்று எஃப்சிசி வழியும் வைத்தது. நிறுவனம் கணினியில் கணக்குப் போட்டு வரைந்ததை மறுப்பதற்கு நம் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் நடந்து எடுத்த அளவீடு. அதுவும் இல்லாததை இருக்கிறது என்று காட்டினால், மறுப்பவன் வாயை அவன் கொண்டுவந்த காகிதமே அடைத்துவிடும். என் வெட்டுப்பாதையைப் பற்றி நான் புகார் எழுதியபோது வந்த பதில் அப்படித்தான் இருந்தது: பயனர்களின் செயலிப் பதிவுகளிலும் அங்கே சேவை இருப்பதாகவே தெரிகிறது.

அந்தப் பயனர்களில் நானும் ஒருவன். அந்தப் பச்சையில் என் வரிகளும் இருக்கின்றன.

போன மழைக்காலத்தில் ஒருநாள் பேருந்து அந்த வெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் பணிமனைக்குச் சொல்ல வேண்டும். நாற்பது பேர், நாலு நிறுவன சிம், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. பின் இருக்கையிலிருந்த ஒரு பெரியவர், "நடந்து போய் அந்த உடைஞ்ச மைல்கல்லுக்கு இந்தப் பக்கம் நில்லுங்க தம்பி, கல்லுக்கு அந்தப் பக்கம் போனா வராது" என்றார். ஓட்டுநரோடு போனேன். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு. இரண்டடி தள்ளினால் இல்லை. ஓட்டுநர் கையை உயர்த்தி, குதிகாலைத் தூக்கி, ஒலிபெருக்கியில் போட்டுப் பேசி முடித்தார். என் போனில் உங்கள் செயலி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்று இரவு பார்த்தேன். அந்த இருபது நிமிடமும் வரைபடத்தில் வெட்டுக்கு வெளியே ஒரே ஒரு பச்சைப் புள்ளி.

அந்தப் பெரியவர் தலையில் இருப்பது உங்களுடையதைவிட நல்ல வரைபடம். எங்கே வரும் என்பதோடு எங்கே வராது என்பதும் அதில் இருக்கிறது. ஜிபிஎஸ்ஸுக்கே திறந்த வானத்தின் கீழ் ஏறத்தாழ ஐந்து மீட்டர் பிழை உண்டு என்பதால் இரண்டடி நுட்பத்தை உங்களிடம் கேட்கவில்லை. "இங்கே கிடைக்கவில்லை" என்று பயனரே தொட்டுச் சொல்ல ஒரு பொத்தான் கேட்கிறேன். அந்த நேரத்தில் வலை இருக்காது என்பது தெரிந்ததே. போனிலேயே சேமித்து வைத்துப் பிறகு அனுப்புங்கள், மற்ற வரிகளை அப்படித்தானே அனுப்புகிறீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டால் எத்தனை பேர், எத்தனை அளவீடு, கடைசியாக எப்போது என்று தெரியட்டும். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரே ஒரு பதிவும் நேற்றைய முந்நூறு பதிவும் இன்று ஒரே பச்சையில் மின்னுகின்றன.

அந்தரங்கம் பற்றி உங்களில் சிலர் காட்டும் கவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட்டு வெளியிடுகிறீர்கள், வீடு எதுவென்று தெரியாமல் இருக்க. 2018ல் ஓட்டப்பயிற்சிச் செயலி ஒன்றின் வெப்பவரைபடம் ராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுத்த பிறகு யாரும் அதைத் தேவையில்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒருவருக்கு மிகவும் தேவைப்படும் சிக்னல் அவர் வீட்டுச் சிக்னல்தான், நீங்கள் வெட்டி எறிவதும் அதைத்தான். வெட்டுவதற்குப் பதில் அந்தப் பகுதியை மட்டும் பெரிய கட்டமாக்கிச் சேர்க்கலாம், குறைந்தது ஐந்து பேர் பதிவு சேர்ந்த பிறகு வெளியிடலாம். இதில் எனக்கு முழுத் தெளிவு இல்லை, இதைவிட நல்ல வழி உங்களுக்குத் தோன்றலாம்.

வெட்டுப்பாதையின் 38 நாள் கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. காலி வரிகளையும் எழுதும்படி நானே ஒரு சிறு நிரல் செய்து, உங்கள் செயலியோடு பக்கத்தில் ஓடவிட்டு எடுத்தவை. ஒவ்வொரு நாளும் இரண்டு கோப்பு, ஒன்று உங்களுடையது, ஒன்று என்னுடையது. உங்களில் யார் கேட்டாலும் தருகிறேன். 40 நாள் இருக்க வேண்டியது. இரண்டு நாள் பாதி வழியிலேயே பேட்டரி தீர்ந்துவிட்டது, அந்த நாட்களுக்கு நேரே "அளக்கவில்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயனர்களில் ஒருவன்